சராசரிக்கு முன் பரவல்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை இன்றைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்கு ஏற்பத் தொகுத்துப் பார்த்தால் 25,56,244 மக்கள், ஏறத்தாழ 2,945 சதுர கிலோமீட்டர் பரப்பு என்ற இரு எண்கள் கிடைக்கின்றன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 868 பேர் என்ற மக்கள் அடர்த்தி வருகிறது. கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆயினும் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ குடியிருப்பவருக்கு இந்த எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகவும், செய்யூர் வட்டத்தின் வயல்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே வாழ்பவருக்கு மிக அதிகமாகவும் தோன்றும். எட்டு வட்டங்களைக் கொண்ட இம்மாவட்டத்தின் வடமுனை சென்னையின் நீட்சியாகவும் தென்பகுதி ஏரிப்பாசன நாட்டுப்புறமாகவும் இருப்பதால், 868 என்ற அடர்த்தியில் உண்மையாகவே வாழ்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

திரட்டிய தரவுகளைச் சுருக்கியும் வரிசைப்படுத்தியும் படமாக்கியும் அவற்றின் இயல்பை எடுத்துக்கூறும் துறைக்கு விவரணைப் புள்ளியியல் என்று பெயர். கையில் உள்ள தரவைத் தாண்டி, காணாத மக்களைப் பற்றி ஊகித்துரைப்பது அனுமானப் புள்ளியியலின் வேலை. அதற்கு முந்திய படியே விவரணை. சமூக அறிவியல் மாணவர்கள் பலர் முந்திய படியை ஒரு சடங்காகக் கடந்துவிடுகிறார்கள்: கணினி தந்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அட்டவணையில் எழுதிவிட்டால் விவரணை முடிந்தது என்று கருதுகிறார்கள். தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாராமல் சராசரியை எழுதும் இப்பழக்கமே ஆய்வேடுகளில் காணப்படும் பெரும்பாலான பிழைகளுக்கு ஊற்று.

அடர்த்திக்கே திரும்பினால், சராசரி என்பது ஒன்றல்ல, பல என்பது விளங்கும். இரண்டே வட்டங்கள் உள்ள ஒரு கற்பனை மாவட்டத்தில், 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நகர வட்டத்தில் 10 லட்சம் பேரும், 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஊரக வட்டத்தில் 2 லட்சம் பேரும் வாழ்வதாகக் கொள்வோம். மொத்த மக்களை மொத்தப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி 1,200. நகர வட்டத்தின் அடர்த்தியான 10,000-ஐயும் ஊரக வட்டத்தின் அடர்த்தியான 222-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5,111. ஒவ்வொரு மனிதரும் தம்மைச் சுற்றி உணரும் அடர்த்தியைப் பதிந்து, 12 லட்சம் பேருக்கும் சராசரி கண்டால் ஏறத்தாழ 8,370. முதலாவது நிலத்தின் சராசரி, இரண்டாவது நிர்வாக அலகின் சராசரி, மூன்றாவது மனிதரின் சராசரி. மூன்றும் ஒரே தரவிலிருந்து, ஒரே கணித விதிப்படி வந்தவை. எந்த அலகுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன என்பதால், எடையிட்ட சராசரி என்று பாடநூல் ஓரமாகச் சொல்லிச் செல்லும் கருத்து உண்மையில் ஆய்வின் மையக் கேள்வியைத் தொடுகிறது: பேசப்படுவது நிலமா, அலகா, மனிதரா?

எண் வடிவில் இருப்பவை எல்லாமே கூட்டி வகுக்கத் தக்கவையும் அல்ல. 1763-இல் ஆற்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய செங்கல்பட்டு ஜாகீரில், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை நடத்திய அளவாய்வு ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, குடிகள், தொழிற்பிரிவுகள், மானியங்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்தது. ஒரு வீடு உழவர் வீடா, தச்சர் வீடா, கணக்கர் வீடா என்பது பெயரளவைத் தரவு; அதில் எண்ணிக்கையும் விழுக்காடும் உண்டு, மிக அதிகமாக வரும் வகையைக் குறிக்கும் முகடும் உண்டு, ஆனால் சராசரி கிடையாது. இன்றைய மாணவர் தொழில்களுக்கு 1, 2, 3 என்று குறியெண் இட்டுக் கணினியில் ஏற்றியதும், அக்கணினி தயங்காமல் சராசரித் தொழில் 2.37 என்று அச்சிட்டுத் தருகிறது. அந்த எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை என்பதைக் கணினி சொல்லாது.

கூட்டத்தக்க தரவிலும் பரவலின் வடிவம் சராசரியை ஏமாற்றிவிடும் என்பதற்கு மாமல்லபுரக் கரையின் மீன்பிடித் தொழில் நல்ல சான்று. தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு போன்ற குப்பங்களில் ஃபைபர் படகுகள் மணற்கரைக்கே வந்து சேர்கின்றன. பிடித்த மீன் ஏலம் போனபின் எண்ணெய், ஐஸ் ஆகியவற்றின் செலவைக் கழித்து மீதியைப் பங்கு பிரிப்பது வழக்கம். ஒரு நாளில் ஏழு படகுகள் பெற்ற ஏலத்தொகை, விளக்கத்துக்காகப் புனைந்த எண்களில், 0, 0, 600, 900, 1,200, 2,000, 23,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் படகுக்கு வஞ்சிரக் கூட்டம் சிக்கியிருக்கிறது என்று கடலோரத்தவர் எவரும் சொல்லிவிடுவர். மொத்தம் 28,000, சராசரி 4,000. ஏழு படகுகளில் ஆறு இந்தச் சராசரிக்குக் கீழே உள்ளன. ஏறுவரிசையில் அடுக்கியபின் நடுவில் நிற்கும் மதிப்பான இடைநிலை 900. அடிக்கடி வரும் மதிப்பான முகடு பூஜ்யம். மூன்றும் உண்மையே. மொத்தத் தொகையை அறிய விரும்பும் வியாபாரிக்குச் சராசரி பயன்படும், ஏனெனில் அதைப் படகுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். ஒரு சாதாரணப் படகுக்காரரின் நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்பவருக்கு இடைநிலை பதில் சொல்லும். வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு இயல்பானது என்று கேட்பவருக்கு முகடு. இவ்வாறு ஒரு பக்கம் நீண்ட வால் கொண்ட பரவலைக் கோட்டமுடைய பரவல் என்பர். வருமானம், நிலவுடைமை, கடன் என்று சமூக அறிவியல் அளக்கும் பெரும்பாலானவை இவ்வகையின.

பரவலின் அகலத்தைச் சொல்லும் அளவைகளுக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டு, விலகல்களை வர்க்கப்படுத்தி, அந்த வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது திட்ட விலக்கம். மேற்கண்ட ஏழு படகுகளுக்கு அது ஏறத்தாழ 7,906 ரூபாய். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே சென்றால் 3,906 ரூபாய் எதிர்க்குறி ஏலத்தொகை வரும். எந்த ஏலத்திலும் மீன்காரர் மீனையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட பொருந்தாத எல்லை வந்தவுடன், திட்ட விலக்கம் இந்தப் பரவலை விவரிக்கத் தகுதியற்றது என்று மாணவர் உணர வேண்டும். வரிசையின் கால் பகுதியிலும் முக்கால் பகுதியிலும் நிற்கும் மதிப்புகளான கால்மானங்கள் இங்கே 0, 2,000. அவற்றுக்கு இடையிலான 2,000 ரூபாய் கால்மான இடைவீச்சு, படகுகளில் நடுப்பாதியின் நிலையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறது. வஞ்சிரம் 23,300-க்குப் பதில் 2 லட்சத்துக்கு ஏலம் போயிருந்தாலும் இடைநிலையும் கால்மானங்களும் அசைந்திருக்க மாட்டா.

விலகி நிற்கும் ஒற்றை மதிப்பைப் புறம்போக்கு மதிப்பு என்று கருதி நீக்கிவிடும் வழக்கமும் ஆய்வேடுகளில் உண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. மழைமானியை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறை என்பதால், அம்மழை டிசம்பர் 2-ஆம் நாளின் கணக்கில் ஏறியது. அந்த மாதத்தின் மற்ற முப்பது நாளும் வெயில் காய்ந்ததாகக் கொண்டாலும், அந்த ஒரே பதிவினால் தினசரிச் சராசரி ஏறத்தாழ 16 மில்லிமீட்டராக இருக்கும், இடைநிலையோ பூஜ்யம். தட்டச்சுப் பிழையால் வந்த விலகலை நீக்கலாம். வீடுகளுக்குள் அடையாற்று நீர் புகக் காரணமான மழையை, வரைபடத்தின் அழகைக் கெடுக்கிறது என்பதற்காக நீக்குவது விவரணை ஆகாது.

ஏரிகளின் தரவில் வேறுவகைச் சிக்கல் மறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் முன்பு பொதுப்பணித் துறையிடமும் இப்போது நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. துறை வெளியிடும் பட்டியலை மட்டும் வைத்துச் செங்கல்பட்டு ஏரிகளின் சராசரி ஆயக்கட்டைக் கணக்கிடுபவர், பரவலின் கீழ்ப்பகுதியை முழுவதும் வெட்டிவிட்டுக் கணக்கிடுகிறார். அப்பட்டியலிலேயே 694 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள மதுராந்தகம் ஏரி மேல்நுனியில் நின்று சராசரியை இன்னும் தூக்கிவிடுகிறது. வெட்டுண்ட பரவல் என்று இதைக் குறிப்பர். தரவைத் தொகுத்த அலுவலகத்தின் அதிகார எல்லை எது என்று கேட்காதவருக்கு இந்த வெட்டு கண்ணில் படாது.

எண்ணப்பட்டது எது என்ற கேள்வியை மாமல்லபுரத்தின் நுழைவுச்சீட்டுக் கணக்கு இன்னும் கூர்மையாக்குகிறது. 2021-22-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவிடங்களுள் வெளிநாட்டவர் மிகுதியாக வந்த இடமாக மாமல்லபுரம் முதலிடம் பெற்றது. இங்கே 1,44,984 பேர், தாஜ்மகாலில் 38,922 பேர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரத் தொகுப்பு வெளியானபோது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் இதைப் பெருமையோடு வெளியிட்டன. ஆனால் சாதாரண விமானங்களில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தியா மீண்டும் வழிதிறந்தது 2021 நவம்பர் 15-இல்தான். பன்னாட்டு விமானப் போக்குவரத்து வழக்கநிலைக்குத் திரும்பியது 2022 மார்ச் 27-இல். பெரும்பகுதி பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டில் கழிந்த ஒரு நிதியாண்டின் வரிசையை வழக்கமான விருப்பத்தின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. தவிரவும், சீட்டுக் கணக்கில் சேர்பவர் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் போன்ற கட்டண இடங்களுக்குச் சீட்டு வாங்கியவர் மட்டுமே. சாலையோரத்தில் நின்றபடியே காணக்கூடிய அர்ச்சுனன் தபசை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் எண்ணப்படவே இல்லை. எண் சரிதான், அதன் தலைப்பில் பயணிகள் என்று இருக்கும் இடத்தில் சீட்டுகள் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

பரவலைப் பார்ப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை உலகத்துக்கே உணர்த்திய ஆய்வு ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டமாக உள்ள பகுதியில் நடந்தது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனில் வளரிளம் பருவத்தினரிடையே முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு அளித்ததாகவும், வேறு சில நாடுகளில் அவ்வளவாகப் பலன் தராததாகவும் முரண்பட்ட முடிவுகள் இருந்த நிலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையோடும் இணைந்து 1968-இல் இந்த ஆய்வைத் தொடங்கியது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இராஜாஜி பி.சி.ஜி.யை எதிர்த்துச் சென்னை மாநிலத்தில் இயக்கம் நடத்தியிருந்தார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. அவருடைய வாதங்களை இவ்வாய்வு நிறுவியது என்று சொல்வது மிகை.

ஊர் ஊராகச் சென்று ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை அனைவருக்கும் தோலில் டியூபர்குலின் செலுத்தி, சில நாள் கழித்து அவ்விடத்தில் எழுந்த தடிப்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தனர். காசநோய்க் கிருமி உடலில் முன்பே புகுந்திருந்தால் தடிப்பு பெரிதாகவும், இல்லையெனில் சிறிதாகவோ அறவே இல்லாமலோ இருக்கும் என்பது அடிப்படை. இந்த அளவுகளைக் கிடைக்கோட்டில் மில்லிமீட்டராகவும், ஒவ்வோர் அளவிலும் உள்ளவர் தொகையை அதன்மேல் எழும் செவ்வகத்தின் உயரமாகவும் வரைந்தால் நிகழ்வுச் செவ்வகப்படம் கிடைக்கும். தொற்று உள்ளவர், இல்லாதவர் என்ற இரு கூட்டத்தார் கலந்துள்ள மக்கள்தொகையில் அப்படம் இரு முகடுகளுடன் அமைய வேண்டும். எளிமைப்படுத்திச் சொன்னால், பாதிப் பேருக்கு 2 மில்லிமீட்டரும் மீதிப் பாதிக்கு 18 மில்லிமீட்டரும் இருக்குமானால் சராசரி 10 மில்லிமீட்டர். அந்தப் பத்து ஒருவருடைய கையிலும் இராது. இருமுகட்டுப் பரவலில் சராசரி விழும் இடம் பெரும்பாலும் ஆளில்லாப் பள்ளத்தாக்கு.

செங்கல்பட்டில் அந்தப் பள்ளத்தாக்கும் தெளிவாக இல்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோயை உண்டாக்காத உறவுக் கிருமிகளுக்கு இப்பகுதி மக்கள் இளவயதிலேயே ஆட்பட்டிருந்தனர். அதனால் நடுத்தர அளவுத் தடிப்புகள் மிகுந்து இரு முகடுகளுக்கும் இடையே உள்ள வெளியை நிரப்பிவிட்டன. இந்நிலையை முன்கூட்டியே எண்ணி, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பி.பி.டி.-எஸ் என்ற பொருளோடு, உறவுக் கிருமியிலிருந்து எடுத்த பி.பி.டி.-பி என்ற பொருளையும் கூடவே சோதித்தனர் என்பது அவ்வாய்வாளர்களின் நுட்பத்துக்குச் சான்று. 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தொற்று என்றும், 7 வரை தொற்றின்மை என்றும், இடைப்பட்ட 8 முதல் 11 வரை ஐயத்துக்குரியது என்றும் பிரித்தனர். அளவு தொடர்ச்சியானது; வகை தனித்தனியானது. முன்னதைப் பின்னதாக மாற்றும்போது 7-க்கும் 8-க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் ஒருவரை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தள்ளிவிடும் என்பதால், வெட்டும் எல்லையை எங்கே வைத்தனர், ஏன் வைத்தனர் என்பதைக் கூறாத விழுக்காடு அரைகுறையானது.

ஒரு மாத வயதுக்கு மேற்பட்ட 2,81,161 பேர் மூன்று பிரிவுகளாகச் சமவாய்ப்பு முறையில் பகுக்கப்பட்டு, ஒரு பிரிவினர் 0.1 மில்லிகிராம் பி.சி.ஜி.யும், இன்னொரு பிரிவினர் 0.01 மில்லிகிராமும், மூன்றாம் பிரிவினர் மருந்தற்ற போலி ஊசியும் பெற்றனர். அவர்களுள் தொற்று இல்லாதவராகவும் மார்பு எக்ஸ்ரே இயல்பாகவும் இருந்த 1,09,873 பேர் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அவர்களிடையே 560 பேருக்கு நோய் வந்தது: முதற்பிரிவில் 189, இரண்டாம் பிரிவில் 191, போலி ஊசிப் பிரிவில் 180. இந்த எண்களை அவசரமாகப் படிப்பவர், தடுப்பூசி போட்டவர்களில் 380 பேருக்கும் போடாதவர்களில் 180 பேருக்கும் நோய் வந்ததால் ஊசியே நோயை இருமடங்காக்கியது என்று முடிவுகட்டிவிடக்கூடும். போட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கு, போடாதவர்கள் ஒரு பங்கு என்ற பகுதியெண்ணைச் சேர்த்தவுடன் அந்த முடிவு கரைந்துபோகிறது; மூன்று பிரிவுகளிலும் நோய்வீதம் ஏறத்தாழ ஒன்றே, அதாவது பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஐவர் அளவில். வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே அதன் பொருள். ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முதல் முடிவு 1979-இல் வெளியானபோது பலர் அதை நம்ப மறுத்தனர். பதினைந்து ஆண்டு முடிவு 1999-இல் வந்து அதை உறுதிப்படுத்தியது.

அதே ஆய்வில் குழந்தைகளுக்கு மட்டும் 27 விழுக்காடு பாதுகாப்பு தென்பட்டது. அதற்குத் தரப்பட்ட நம்பக இடைவெளி −8 முதல் 50 விழுக்காடு வரை நீண்டது; பூஜ்யமும் அதற்குள் அடங்குவதால் அந்த 27-ஐ உறுதியான பாதுகாப்பு என்று கூற இயலாது. இந்த இடத்தில் விவரணை முடிந்து அனுமானம் தொடங்குகிறது. பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடுவது இந்தியாவில் இன்றும் தொடர்கிறது என்பதையும், மூளைக்காய்ச்சல் உள்ளிட்ட கடும் குழந்தைக் காசநோயைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதையும், வயதுவந்தோரின் நுரையீரல் நோயை அளந்த செங்கல்பட்டு முடிவு அதை மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அளக்கும் கண்ணும் கையும்கூடப் பரவலில் தடம் பதிக்கின்றன. தடிப்பை அளப்பவர்கள் 9-ஐயும் 11-ஐயும் 10 என்று எழுத முற்படுவது பல நாடுகளிலும் அறியப்பட்ட பழக்கம். ஈற்றிலக்கச் சாய்வு என்று அதைக் கூறலாம். மக்கள்தொகைக் கணக்கில் இது வயதுக் குவிவாக வெளிப்படுகிறது. பிறந்த தேதி எழுதி வைக்காத தலைமுறையினர் வயது கேட்டால் நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும் என்பார்களே தவிர நாற்பத்தொன்று என்பதில்லை. ஆகவே வயதுப் படத்தில் 40, 45, 50 என்ற இடங்களில் கோபுரங்களும் 41, 49 ஆகிய இடங்களில் பள்ளங்களும் எழுகின்றன. 23 முதல் 62 வரையுள்ள வயதினரில் 0, 5 என்று முடியும் வயதுகளைச் சொன்னவர்களின் தொகையை ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குவது விப்பிள் குறியீடு. சாய்வே இல்லையெனில் 100, எல்லாரும் 0, 5-இல் முடியும் வயதையே சொன்னால் 500. தரவின் தரத்தை அத்தரவைக் கொண்டே அளக்கும் இக்கருவி மிகச் சிக்கனமானது. களஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவரும் தம்முடைய வினாப்பட்டியலின் வயதுகளுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

காலவரிசையில் செங்கல்பட்டை ஆராய விரும்புபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997 ஜூலை 1-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29-இல் பிரிந்தது. 1971-இன் செங்கல்பட்டும் இன்றைய செங்கல்பட்டும் பெயரில் ஒன்று, நிலத்தில் வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையின் அடுத்தடுத்த வரிகளில் எழுதி வளர்ச்சி விகிதம் காண்பது தவறு. வட்ட அளவிலோ ஊர் அளவிலோ எண்களை எடுத்து ஒரே எல்லைக்குள் மறுபடி கூட்டிக்கொள்வதே முறை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இன்றைய எல்லைகளோடு செங்கல்பட்டு மாவட்டம் தன் பெயரில் எண்ணப்படுவது அதுவே முதல் முறை.